அலாரம் நிஜம், திருடன்தான் இல்லை

தென்னாப்பிரிக்காவுக்குக் குடிவருகிறவர்களுக்கு ‘பேனிக்’ என்ற சொல் முதலில் ஒரு பொத்தானாகத்தான் அறிமுகமாகும். டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் எங்கள் வீட்டில் அப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்று கட்டில் தலைமாட்டில், இன்னொன்று சாவிக்கொத்தில். அழுத்தினால் சில நிமிஷங்களில் காவல் கம்பெனிக்காரர் துப்பாக்கியும் டார்ச் லைட்டுமாக வாசலில் நிற்பார். யாரும் எதையும் அழுத்தாத ராத்திரிகளிலும் சில சமயம் அலாரம் அலறும். ஹாலில் சென்சார் மேல் பல்லி ஓடியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அலறலைக் கேட்டு எழுந்தவனின் நெஞ்சு அடித்துக்கொண்டது பொய் இல்லை. வந்து நின்ற காவல்காரரும் பொய் இல்லை. திருடன் மட்டும்தான் இல்லை.

பேனிக் அட்டாக் என்றால் என்ன என்பதை எனக்கு விளங்க வைத்தது அந்தப் பல்லிதான். ஊரில் பெரியவர்கள் இதைப் ‘படபடப்பு’ என்பார்கள். டர்பன் பக்கத்து இந்தியர்கள் மனசு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ‘நெர்வ்ஸ்’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவார்கள். ‘அவளுக்கு நெர்வ்ஸ்’ என்று சொன்னால் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று அர்த்தம்.

எனக்கு முதல் முறை வந்தது 2022 ஜூனில். வேலை ஸ்டாங்கரில், கணக்கு எழுதுவது. ஊருக்குக் குவாடுகூசா என்று பெயர் மாற்றி வருஷக்கணக்காகிறது, எங்கள் வாயில் இன்னும் ஸ்டாங்கர்தான். வெருலத்திலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போக வேண்டும். மாசக் கடைசி, டோங்காட் டோல் கேட்டில் நீண்ட வரிசை. முன்னால் லாரி, பின்னால் ஆள் அடைத்த டாக்ஸி வேன், இரண்டு பக்கமும் வண்டிகள். ரேடியோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தது திடீரென்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் தூரப் போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மரத்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. நெஞ்சு, எண்ண முடியாத வேகத்தில். கண்ணாடியை இறக்கினேன். காற்று வந்தது, மூச்சு வரவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மனசில் ஓடிய கடைசிக் கவலை, இன்சூரன்ஸ் கணக்கின் பாஸ்வேர்டு மனைவிக்குத் தெரியாதே என்பது.

எப்படியோ வண்டியை ஓரம் கட்டி, ஆம்புலன்ஸில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நாலு மணி நேரம் படுக்க வைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் வந்து, “உங்களுக்கு ஒன்றுமில்லை, ஸ்ட்ரெஸ்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது சரியான செய்தி. உங்களுக்கு ஒன்றுமில்லை என்பது தப்பான செய்தி. இப்போதுதான் சாவைப் பார்த்துவிட்டு வந்தவனிடம் ஒன்றுமில்லை என்றால், இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஒன்றரை வருஷம் அதில் போனது.

உள்ளே நடந்தது இதுதான். மூளையில் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்று அதற்குத் தோன்றினால், யோசிக்கிற மூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டும், அதனால் இதயம் வேகமெடுக்கும். மூச்சு வேகமாகும். உடம்பு சூடேறாமல் இருக்க வியர்க்கும். இந்த நேரத்தில் சாப்பாட்டைச் செரிப்பது முக்கியமில்லை என்பதால் வயிறு பிசையும். கரும்புத் தோட்டத்தில் விஷப் பாம்பை மிதித்துவிட்ட ஒருவருக்கு இதெல்லாம் உயிர் காக்கும் ஏற்பாடு. டோல் கேட் வரிசையில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஓடவும் இடமில்லை, சண்டை போடவும் ஆளில்லை.

மூச்சு விஷயம் இன்னும் வேடிக்கையானது. காற்றுப் போதவில்லை என்று தோன்றும்போது உண்மையில் நாம் தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆக்ஸிஜன் குறையவில்லை, கார்பன் டை ஆக்ஸைடுதான் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் அமிலத்தன்மை மாறுவதால் விரல் நுனியும் உதடும் மரக்கும். என் உதட்டில் ஊர்ந்த எறும்பு இதுதான். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் வரும், ஆனால் விழுவது அரிது. மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், இங்கே அது ஏறியிருக்கிறது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் விழுகிறவர்கள் வேறு கணக்கு.

பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள் இது உச்சத்தைத் தொட்டுவிடும். அப்புறம் இறங்கித்தான் ஆக வேண்டும், உடம்பால் அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓட முடியாது. ஆனால் ‘ஐயோ, நெஞ்சு அடிக்கிறதே’ என்று புதுசாகப் பயந்தால் புதுசாக அட்ரினலின் வரும். 1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் எழுதிக் காட்டினார். உடம்பில் ஒரு சின்ன மாற்றம், அதற்கு மாரடைப்பு என்றோ பைத்தியம் பிடிக்கிறது என்றோ ஒரு பயங்கர அர்த்தம், அந்த அர்த்தத்தால் பயம், பயத்தால் உடம்பில் இன்னும் பெரிய மாற்றம். சுற்றிச் சுற்றி நடப்பது இதுவே. இதில் பலமில்லாத கண்ணி நடுவில் இருக்கும் அந்த அர்த்தம்.

அர்த்தம் மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு எனக்குப் பெரிய உதாரணம் எங்கள் தைப்பூசம். டர்பனில் கேட்டோ மேனர் கோயிலிலோ வேறெங்கோ, காவடி எடுக்கிற நாளில் மேளம் ஏற ஏற ஒருவருக்கு உடம்பு நடுங்கும், மூச்சு இரைக்கும், வியர்வை கொட்டும், கண் நிலைகொள்ளாது. சுற்றி நிற்கிற யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. அருள் வந்திருக்கிறது என்று திருநீறு பூசுகிறார்கள், தாங்கிப் பிடிக்கிறார்கள், அரோகரா சொல்கிறார்கள். அவரும் பிற்பாடு களைப்பும் நிறைவுமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அருளையும் பேனிக்கையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தர்க்கத்துக்கு நான் ஆளும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். அதே படபடப்பு, அதே நடுக்கம், மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் தனியாக நிற்கும்போது வந்தால், அதே மனுஷன் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்.

வாழ்க்கையில் ஒரு தடவை பேனிக் அட்டாக் வருவது ரொம்ப சாதாரணம், அது நோயும் இல்லை. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ‘அடுத்தது எப்போது’ என்ற பயமோ அதற்காக வழக்கங்களை மாற்றிக்கொள்வதோ ஒரு மாசத்துக்கு மேல் நீடித்தால்தான் பேனிக் டிஸ்ஆர்டர் என்கிறார்கள். பொதுவான பதற்றம் வேறு ஜாதி. அது அலாரம் மாதிரி அலறாது, ஃபிரிட்ஜ் மாதிரி நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். பிள்ளை, பணம், உடம்பு, நாளை என்று மாசக்கணக்காகக் கவலை, தூக்கக் குறைவு, கழுத்தில் இறுக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். 2002 முதல் 2004 வரை இந்த நாடு முழுக்க 4,300க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், வாழ்நாளில் ஏதாவது ஒரு பதற்ற நோய் கண்டவர்கள் 15.8 சதவீதம். ஆறு பேரில் ஒருவர். மனநோய்களில் பதற்ற வகைதான் அதிகம் என்று வந்தது. ஆனால் மனநோய் இருந்தவர்களில் சுமார் நாலில் ஒருவர்தான் எந்தச் சிகிச்சைக்காவது போயிருந்தார்.

ஏன் எனக்கு, ஏன் அந்த ஜூனில் என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு காரணத்தை நோக்கி விரலை நீட்ட முடியாது. குடும்ப வாகு உண்டு. என் சித்தப்பா பஸ் ஏறவே மாட்டார், அதற்கு அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் சென்சாரைக் கூர்மையாக்கிய சில விஷயங்கள் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுக்க 350 பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்து ஃபீனிக்ஸ் பற்றி எரிந்த அந்த வாரத்தில் எங்கள் தெருமுனையில் ராத்திரி முழுக்க விழித்திருந்தோம். 2022 ஏப்ரலில் வெள்ளம், எங்கள் மாகாணமான குவாசூலு நட்டாலில் 400 பேருக்கு மேல் போனார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி மாசக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. அங்கே இருக்கும் என் மாமியாரின் தங்கை இன்றைக்கும் தகரக் கூரையில் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். 2024 ஜூனில் அதே ஊரைச் சூறைக்காற்றும் அடித்துவிட்டுப் போனது. ஆபத்து வருகிறபோது யாரும் பதறுவதில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு வேலை பார்க்கிறோம். உடம்பு கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, சும்மா வரிசையில் நிற்கும் ஒரு காலையில் வசூலிக்கிறது.

இந்த நாட்டில் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்வது பொய்யும்கூட. சிக்னலில் கண்ணாடியை ஏற்றி வைப்பது நோய் இல்லை, புத்தி. ஆபத்து இருக்கும் இடத்தில் பயப்படுவதைக் குணப்படுத்த வேண்டியதில்லை. என் நெஞ்சுத் துடிப்பைக் கண்டு நானே பயப்படுவதுதான் குணமாக வேண்டியது.

அந்த ஒன்றரை வருஷத்தில் நான் செய்தது நேர் எதிர். என்2 பக்கமே போகவில்லை. பழைய ரோடான ஆர்102இல், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஸ்டாங்கர் போனேன். ஆபீசில் கேட்டால், டோல் காசு மிச்சம் என்றேன். அப்புறம் அதிலும் தனியாகப் போக முடியவில்லை, மனைவி கூட வர வேண்டும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வண்டி எடுக்க மாட்டேன். சட்டைப் பையில் அவசரத்துக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இரண்டு. ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நிம்மதி தந்தது. அந்த நிம்மதிதான் பொறி. பல்லி ஓடினதற்கெல்லாம் காவல்காரர் வந்து போனால் வீட்டில் இருப்பவனுக்கு என்ன தோன்றும்? அவர் வந்ததால்தான் பிழைத்தோம் என்று தோன்றும். பல்லியை அவன் பார்க்கவே மாட்டான். சட்டைப் பை மாத்திரையை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். காலாவதியாகி எட்டு மாசம் ஆகியிருந்தது. எட்டு மாசமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அதுதான்.

என் மனைவியின் ஆயாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. “கண்ணு பட்டிருக்கு மாப்பிள்ளை” என்று உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றிப்போட்டு அடுப்பில் போட்டார். கமறல் வரவில்லை, பெரிய திருஷ்டி என்றார். நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். ஒரு கிழவி தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றும்போது உடம்பு தளர்வது நிஜம். ஆனால் மறுநாள் காலை என்2 அங்கேயேதான் இருந்தது.

இதற்கு மருந்து கண்ட கதை ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்குகிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஜோசஃப் வோல்பே 1915இல் அங்கே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்து, போர் பயத்தில் உறைந்துபோன சிப்பாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பேச வைத்துப் பார்த்தார். பேசினார்கள், குணமாகவில்லை. போருக்குப் பிறகு விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். கூண்டில் மின்அதிர்ச்சி பட்ட பூனைகள் அந்த அறையில் சோற்றைக்கூடத் தொடவில்லை. கொஞ்சம்தான் அந்த அறையைப் போலிருக்கும் வேறோர் அறையில் வைத்துப் பார்த்தார், சாப்பிட்டன. அப்புறம் இன்னும் கொஞ்சம் ஒத்த அறை. இப்படி ஒவ்வொரு படியாகக் கொண்டுவந்து கடைசியில் அதே கூண்டுக்குள் சாப்பிட வைத்துவிட்டார். 1958இல் இதைப் புத்தகமாக எழுதினார். மனுஷர்களுக்கு, பயத்தை 0 முதல் 100 வரை மார்க் போடச் சொல்லி, குறைந்த மார்க்கிலிருந்து ஏறுவது. அவரிடம் படித்த ஆர்னால்ட் லாசரஸ், பயத்தையும் பேனிக்கையும் ஆயுசு முழுக்க ஆராய்ந்த ஸ்டான்லி ராக்மன் இருவரும் ஜோகன்னஸ்பர்க்காரர்களே. இவர்கள் பயத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான், இனத்துக்கு ஓர் இடம் என்று ஊர்களைப் பிரித்த நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டம் எங்கள் மனைவிமார்களின் தாத்தா பாட்டிகளைக் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் இறக்கிவிட்டது. அவர்களுக்கு யாரும் மார்க் போடச் சொல்லவில்லை.

வோல்பே தசைகளைத் தளர்த்தும் பயிற்சியைச் சேர்த்தே இதைச் செய்தார். பிற்காலத்தில் தெரிந்தது, தளர்த்துவதைவிட முக்கியம் ஓடாமல் அங்கேயே இருப்பது. எனக்கு வாய்த்த உளவியலாளர் முதல் நாளே என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிவிட்டார். அடுத்த வாரம் மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிஷம் மூச்சு விடச் சொன்னார். மாடிப்படியில் ஓடச் சொன்னார். தலை சுற்றியது, மூச்சு முட்டியது, நெஞ்சு அடித்தது. டோல் கேட்டில் வந்த அத்தனையும் வந்தன. “இப்போது சாகப் போகிறீர்களா?” என்று கேட்டார். இல்லை, ஸ்ட்ராவினால் வந்தது என்று தெரியுமே. அந்த ‘தெரியுமே’தான் பாடம்.

அப்புறம் ரோடு. முதல் வாரம் என்2இல் ஏறி ஏர்போர்ட்டில் இறங்கினேன், என் மார்க் 60. மனைவியோடு, அப்புறம் தனியாக, அப்புறம் தண்ணீர் பாட்டில் இல்லாமல். பாட்டில் இல்லாதது 80. பயம் வந்தால் வண்டியைத் திருப்பக் கூடாது, மார்க் பாதியாக இறங்கும் வரை தொடர வேண்டும் என்பது ஒப்பந்தம். டோல் கேட் கடைசி. மாசக் கடைசி வெள்ளிக்கிழமையையே தேர்ந்தெடுத்துப் போனேன். வந்தது. ‘வா, எவ்வளவு தூரம் போகிறாய் பார்க்கலாம்’ என்று இருந்தேன் என்று சொன்னால் அது பொய். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் முறை வந்து காசு கொடுப்பதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட்டால் துடிப்பு நிதானப்படும். ஆனால் இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன் என்று செய்தால் அதுவும் சட்டைப் பை மாத்திரைதான். காகிதப் பைக்குள் மூச்சு விடுவதை இப்போது சொல்வதில்லை. நிஜமாகவே ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது ஆபத்து. மருந்தில் ஃப்ளூக்ஸெடின், சிட்டலோபிராம் போன்றவை பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்தில் படபடப்பைக் கூட்டவும் செய்யலாம், பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் அங்கேதான் நிறுத்துகிறார்கள். அல்பிரசோலம் வகை அரை மணியில் கேட்கும், பழக்கமும் ஆகிவிடும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, ஆஸ்துமா பம்ப், நாலாவது கப் காபி எல்லாம் இதே வேஷத்தில் வரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை வீண் இல்லை.

தனியார் உளவியலாளரின் கட்டணம் மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு எட்டாது. சாடாக் என்று சுருக்கமாகச் சொல்லும் மனச்சோர்வு, பதற்றத்துக்கான அமைப்பை 1994இல் ஆரம்பித்த ஜேன் வில்சன், தாமே வருஷக்கணக்கில் பேனிக்கில் சிக்கியிருந்தவர். அவர்களிடம் இலவச ஆலோசனை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிற அளவுக்குப் போனால் அவர்களின் 0800 567 567 எண்ணைக் கூப்பிடலாம்.

இன்னொரு விஷயம். எங்கள் வீட்டில் எல்லோரும் பேனிக் நிபுணர்கள் ஆகிவிட்ட பிறகு, போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் நெஞ்சில் கனமாக இருக்கிறது, வியர்க்கிறது என்றார். வயசு 63, இருபது வருஷச் சர்க்கரை. நான்தான் முதலில் சொன்னேன், “மாமா, பத்து நிமிஷம் பாருங்க, இறங்கிடும்.” ஆயா மிளகாயை எடுக்கப் போனார். என் மனைவி மட்டும், “அப்பாவுக்கு இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?” என்று கேட்டாள். வந்ததில்லை. இந்த நாட்டில் இந்தியர்களிடம் இதய நோய் அதிகம், சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமலும் வரும். முதல் தடவை என்றால், நடக்கும்போது கூடினால், கைக்கோ தாடைக்கோ பரவினால், யாரும் வீட்டில் உட்கார்ந்து மார்க் போடக் கூடாது. அவள் சாவியை எடுத்தாள். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். வண்டியை நான்தான் ஓட்டினேன், என்2 வழியாக, தண்ணீர் பாட்டில் நினைவே வரவில்லை.